பன்னிரண்டு தேயிலைச் செடிகள்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் வேலையாட்களை மேற்பார்க்கும் புதிய கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தபோது, தேயிலைச் செடிகள் புதிதாகத் துளிர்க்க அவற்றைக் கவ்வாத்து வெட்டுவது பற்றி எனக்கு எல்லாமே தெரியும். ஒரு புத்தகம் முழுவதும் படித்திருந்தேன்.

என் பொறுப்பிலிருந்த மலையில் கவ்வாத்து வெட்டியவர்களில் ஒருவர் குட்டையானவர். காதில் கடுக்கன், இடுப்பில் சாக்கு. ஒவ்வொரு செடியையும் ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் கத்தியை ஓங்குவார். எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட்டு, இரண்டை மட்டும் இலையோடு விட்டுவைப்பார். எனக்கு அது பாதியில் நின்றுபோன சவரம் போலத் தெரிந்தது.

"அதையும் வெட்டுங்க" என்றேன்.

"வெயில் காலமுங்க ஐயா. துளிர் வர்ற வரைக்கும் அந்த ரெண்டு கொப்புலதான் செடி மூச்சு விடும்."

நான் கத்தியை வாங்கி, பன்னிரண்டு செடிகளை மொட்டையடித்துக் காட்டினேன்.

இரண்டு மாதத்தில் அவர் வெட்டியவை துளிர்த்தன. என்னுடையவை விறகாகிவிட்டன. தோட்டத்தை நிர்வகித்த துரை வந்து, "யார் வெட்டினது?" என்று கத்தினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே, "நாந்தாங்க தொர" என்றார் அவர். துரை அவரை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்.

அவர் திரும்பி வந்த அன்று, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். என்மேல் உள்ள மரியாதை என்பார் என்று நினைத்தேன்.

"ஒங்கள அனுப்பிட்டா புதுசா ஒரு ஐயா வருவாருங்க. அவரு படிக்க எத்தன செடி போகுமோ! நீங்க பன்னெண்டுல படிச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு அடுத்த செடியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒன்றுகூடத் தனக்குச் சொந்தமில்லாத அந்தச் செடிகளுக்காக அவர் ஏன் பழியை ஏற்றார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. துரையிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.