எஞ்சினைப் பத்திரப்படுத்தியவர்கள்

நகராத பொருளுக்குக் காவல் இருப்பதுதான் காவலிலேயே சிரமமான காவல். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் உடனே தெரிந்துவிடும். எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனால் நேற்று அதில் இருந்தது இன்று இருக்காது. ஏதாவது ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதுகுவலி வாங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

கேரளத்துச் சித்தூரிலிருந்து கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. நடுவில் சிமென்ட் மேடை, அதன்மேல் ஒரு நீராவி எஞ்சின். உடைக்கப்படவிருந்ததை எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் ரயில் நேசர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, மனுமேல் மனுப் போட்டு, காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். தலைவர் தென்னந்தோப்புக்காரர். செயலாளர் ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார். பொருளாளர் பஸ் முதலாளி. எஞ்சினைக் கொடுத்த ரயில்வே ஆபீஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. முழுசாக இருக்கிற வரைக்கும் இங்கே நிற்கலாம், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

புகை

கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வருவது வழக்கம். சக்கரத்தில் சாய்வார்கள், ஏணியில் தொங்குவார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் நான் பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது எஞ்சினிலிருந்து கரும்புகை கிளம்பியது. இத்தனை வருஷம் கழித்து எஞ்சின் கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக.

பக்கெட்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால், போட்டோக்காரத் தம்பி கரி போடும் வாயில் ஒரு மூட்டைத் தேங்காய் மட்டையைத் திணித்துக் கொளுத்தியிருக்கிறான். மாப்பிள்ளையின் பட்டுச்சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. பொண்ணு இருமிக்கொண்டே சிரித்துப் போஸ் கொடுக்கிறாள். நான் பக்கெட்டை ஓங்கியதும் அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அக்கா, ரெண்டே நிமிசம் ஊத்தாம இருங்க, பொகை இப்பத்தானுங்க செட்டாவுது!"

பத்திரம்

பட்டப்பகலில் ஒருவர் எஞ்சின்மேல் ஏறி விசிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கத்தியபடியே ஓடினேன். திரும்பிப் பார்த்தது நம் தலைவர். எனக்கு வேலை கொடுத்தவர், எஞ்சின் வந்து இறங்கிய அன்று அதைத் தொட்டுக் கும்பிட்டவர். பித்தளை விசிலைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "திருட்டுப் பசங்க கண்ணு இது மேலதான் இருக்குது செல்வி, எங்கூட்டு பீரோவுல பத்திரமா இருக்கட்டும்" என்றார். விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் செயலாளர் காதுக்குப் போனது. மறுவாரமே அவர் வந்து நீராவி அழுத்தம் காட்டும் மீட்டரைக் கழற்றினார். மழை பட்டால் கண்ணாடி போய்விடும் என்றார். அப்புறம் பொருளாளர், எஞ்சினின் நம்பர் பொறித்த பித்தளைத் தகட்டைப் பெயர்த்து ஜீப்பில் ஏற்றினார். ஏனுங்க நீங்களுமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவங்க ரெண்டு பேரும் எஞ்சினுக்காக இவ்வளவு பண்றப்ப, நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாருக்குதுங்களா அம்மிணி?"

நிஜத் திருடன்

நான் பயந்துகொண்டிருந்த ஆள் ஒருநாள் வந்தே விட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் எஞ்சினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சாக்கு. காலைப் பிடித்து இழுத்தேன், உதைத்தான், நான் விடவில்லை. வெளியே வந்தவன் முகமெல்லாம் கிரீஸ். சாக்கைப் பிடுங்கி உதறினேன். காலி.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? அவன் ஓடக்கூட இல்லை. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவன்போல என்னைப் பார்த்தான். "நல்லாருக்கற சாமானை எல்லாம் எனக்கு முன்னாலயே எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். நீங்கெல்லாம் என்னதானுங்கக்கா காவல் காக்கறீங்க?"

ஆபீசர்

நிபந்தனைப்படி பார்வையிட ஒரு ஆபீசர் வந்தார். மலையாளி, நல்ல மனுஷன். எஞ்சினைச் சுற்றி வந்தார், மேலே ஏறினார், மீட்டர் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். சங்கத்தார் மூவரும் கைகட்டி நின்றார்கள். எங்கே போயின என்று அவர் கேட்டபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள் பாருங்கள், அந்த நிமிஷத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஊரில்தான் பத்திரமாக இருக்கின்றன என்று நானே சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த மாதம் திரும்பி வருவதாகவும், அதற்குள் சாமான்களை மாட்டிவைத்தால் எஞ்சின் இங்கேயே நிற்கலாம் என்றும் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேச்சி, விசில் இல்லா, மீட்டர் இல்லா, நம்பரும் இல்லா. அதொக்கெ இல்லாம ஞான் இதை எஞ்சின்னு எங்ஙனெ எழுதும்?"

மூன்று வீடுகள்

ஒரு மாதம் போதாதா? கழற்ற அரைமணி நேரம் போதுமாக இருந்ததே! மூன்று வீட்டுக்கும் நடந்தேன்.

தலைவர் வீட்டில் விசில் பீரோவில் இல்லை. ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள், சந்தனம் குங்குமத்தோடு, சுற்றிலும் சீரியல் பல்பு எரிய நின்றது. பொருளாளரின் புது வீட்டுக் கேட்டில் எஞ்சின் நம்பர் தகட்டைப் பதித்திருந்தார்கள். கொரியர்காரன் அதுதான் வீட்டு நம்பர் என்று நினைத்து, இது வேறு வீடு என்று தெருவெல்லாம் அலைந்தானாம், அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மற்றவர்கள் முதலில் கொடுக்கட்டும், அப்புறம் நான் தருகிறேன் என்பதுதான் இரண்டு வீட்டிலும் பதில்.

செயலாளர் நியாயஸ்தர், அவர் தருவார் என்று நம்பினேன். மேசைமேல் இருந்த மீட்டரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் கொண்டாந்து மாட்டி, அப்பறமும் எஞ்சினைத் தூக்கிட்டாங்கன்னா இதுவும் கூடப் போயிருமே செல்வி. இதாவது மிஞ்ச வேண்டாமா?"

முழுசு

ஆபீசர் சொன்னபடி திரும்பி வந்தார், பார்த்தார், காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் கேஸ் சிலிண்டர்களோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாரி வந்தது. உடைக்க வந்தவர்களின் மேஸ்திரி எஞ்சினுக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்.

வெட்ட ஆரம்பிப்பதற்குள் சங்கத்தார் மூவரும் மாலையோடு வந்தார்கள். கூடவே விசிலும் மீட்டரும் தகடும்! கடைசியாக ஒரு போட்டோவாம். பொருளாளர் கேட்டிலிருந்து பெயர்த்தே எடுத்து வந்திருந்தார். ஸ்பானர் போட்டு மாட்டினார்கள், கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார்கள். வந்து இறங்கிய நாளில் இருந்தது போலவே எஞ்சின் நின்றது. "இப்பவே அந்த ஆபீசருக்குப் போன் போடுங்க, வந்து பாக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். யாரும் போனை எடுக்கவில்லை. போட்டோ எடுக்க மட்டும் எடுத்தார்கள். மூன்று பேரும் அழுதார்கள். அது பொய் அழுகை இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே ஆளுக்கொன்றைக் கழற்றி, துடைத்து, துண்டில் சுற்றிக்கொண்டார்கள்.

வெட்டும் குழாயைக் கையில் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, பற்றவைக்காமல் என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மிணி, எல்லாமேதான் இருக்குதுங்களே, அப்பறம் எதுக்குங்க வெட்டச் சொன்னாங்க?"

இப்போது எஞ்சின் எங்கள் ஊரில் மூன்று வீடுகளில் பத்திரமாக இருக்கிறது, நான் சிமென்ட் மேடையை யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.