பயிற்சிப் படங்கள்

முதல் நாள் நான் அழித்தது ஒரு மாப்பிள்ளையின் காதை. அவருக்குப் பின்னால் தெரிந்த பந்தல் கம்பத்தைத்தான் அழிக்கச் சொல்லியிருந்தார்கள். மவுஸை இழுத்த வேகத்தில் கம்பத்தோடு காதும் போய், அங்கே பந்தல் துணி முளைத்துவிட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்து, "இன்னாமா, பொண்டாட்டி பேசறது எதுவும் காதுல வுழக்கூடாதுன்னு முடிவு பண்ட்டியா?" என்றார். வகுப்பே சிரித்தது.

மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடந்த, கம்ப்யூட்டரில் ஃபோட்டோ திருத்தக் கற்றுத்தரும் வகுப்பு அது. நான் பிழைதிருத்தும் வேலை பார்த்த பதிப்பகத்தை மூடிவிட்டதால், முப்பது வயதுக்கு மேல் வேறொரு தொழிலை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருவார். வீட்டில் உருது பேசும் குடும்பம். தம்பி தன்னை 'ஆபா' என்று கூப்பிடுவான், அப்படியென்றால் அக்கா என்று அவர் சொன்னதிலிருந்து எங்களுக்கும் அவர் ஆபாதான். துபாய்க்குப் போன கணவர் முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினார், பிறகு பேசுவதையும் நிறுத்தினார். ஆபா தன் மகளோடு தம்பி வீட்டில் இருந்தார். "தம்பி பொண்டாட்டி கெட்டவ இல்லமா. ஆனா அவ வூட்டு ஃப்ரிட்ஜைத் தொறக்க எனக்குக் கை வரல. ஒரு வேலை, ஒரு ரூம், எனக்குன்னு ஒரு ஃப்ரிட்ஜ். அவ்ளோதான் கேக்குறேன்" என்பார்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொடங்கினோம். ஆனால் நான் காதுகளை அழித்துக்கொண்டிருந்தபோதே அவர் எங்கோ போய்விட்டார். படத்தில் ஒருவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும்போது மிகவும் பாடுபடுத்துவது தலைமுடி. நாங்கள் வெட்டினால் தொப்பி வைத்ததுபோல் இருக்கும். ஆபா படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, திரையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்துவிடுவார். "பேன் பாக்குற மாதிரி பாக்கணும்மா. அவசரப்பட்டா ஒண்ணும் கெடைக்காது" என்பார். படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்ட பாட்டனாருக்கு வேறொரு படத்திலிருந்து கண்களை எடுத்து வைப்பார். மூக்குக்கண்ணாடியில் அடித்த ஃப்ளாஷ் வெளிச்சத்தை எடுத்துவிட்டு, அதற்குள் மறைந்திருந்த இமைகளை வரைவார். முடித்தபின் பார்த்தால் கை வைத்த தடமே இருக்காது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை சார் என்றுதான் அழைப்போம். என்னைவிட இளையவர், பளிச்சென்று பேசுவார். பயிற்சிக்கென்று தினமும் படங்கள் தருவார். ஆபாவின் கை படிந்ததும் அவருக்கு மட்டும் கூடுதலாகத் தந்தார். எல்லாம் கல்யாணப் படங்கள். "உங்களுக்குத் திறமை இருக்கும்மா, அதான் கஷ்டமானதா தர்றேன்" என்று அவர் சொன்னபோது ஆபாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுச் செய்தார்.

வகுப்பு முடியும் தறுவாயில், செய்தவற்றில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, தி.நகரில் ஆள் தேவை என்று பலகை வைத்திருந்த ஒரு ஆல்பம் ஸ்டூடியோவுக்குப் போனார் ஆபா. துணைக்கு நானும் போனேன். முதலாளி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் அவர் முகம் மாறியது.

"இது எங்க கஸ்டமர் படம்மா. ஆல்பம் டெலிவரி ஆயிடுச்சு. நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?"

"நான் பண்ணதுங்க" என்றார் ஆபா.

"இது எங்களுக்கு மயிலாப்பூர்லேருந்து ஒரு சார் பண்ணிக் குடுக்குறாரு. அடுத்தவங்க வேலையைத் தூக்கிக்கினு வந்து என்கிட்டயே காட்டுறீங்களே, நல்லாவா கீது?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஒரு படம் குடுங்க. இங்கியே, உங்க கண் முன்னாலயே பண்றேன்" என்றார்.

கொடுத்தார்கள். காற்றில் முடி பறக்க நிற்கும் ஒரு மணப்பெண்ணின் படம். ஆபா உட்கார்ந்தார். முதலாளி பின்னால் நின்று பார்த்தார். பாதி வேலையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் குரல் இறங்கியது. "நீங்கதான் பண்ணிருக்கீங்க. மன்னிச்சுக்கோங்கம்மா. டீ சாப்புடுங்க" என்றார்.

"அப்ப வேலை?" என்று நான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க. இவங்க வேலைதான் எனக்கு ஏற்கெனவே வந்துக்கினு கீதே. இதே கை, இதே சுத்தம். சார் சல்லிசா முடிச்சுக் குடுக்குறாரு. அப்புறம் இவங்களுக்கு நான் எதுக்கு மாசச் சம்பளம் போடணும்?"

ஆபா டீயைத் தொடவில்லை.

மறுநாள் சாரிடம் கேட்டோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "ப்ராக்டிஸ் வேணும்னு வந்தீங்க, ப்ராக்டிஸ் கெடச்சுது. நல்ல கேமராவுல எடுத்த படம் வெளில யாரு குடுப்பா உங்களுக்கு?" என்றார். ஃபீஸ் கட்டி அவருக்கு வேலையும் செய்து கொடுத்திருக்கிறோம் என்று நான் கத்தினேன். மற்ற மாணவர்கள் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆபா தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். தான் செய்து முடித்து அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நானும் இறங்கிவிட்டேன்.

பிறகு எனக்கு ஒரு பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. ஆபாவின் கையில் கால்வாசிகூட என் கைக்கு வரவில்லை. ஆனால் என்னிடம் பட்டம் இருந்தது, தெரிந்தவர்கள் இருந்தார்கள். சாரின் பயிற்சி மையம் இப்போது அடையாற்றிலும் இருக்கிறது. அவர் பெயர் போட்ட பலகையில் சிரிக்கும் மாணவர்களின் படம்.

போன மாதம் புடவை எடுக்கத் தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஆபா நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். இன்னும் தம்பி வீட்டில்தான் இருக்கிறாராம். நாளெல்லாம் நிற்பதால் கால் வீங்கிவிடுவதைச் சாதாரணமாகச் சொன்னார். கைகள் பேச்சோடு பேச்சாகப் புடவையை மடித்துக்கொண்டிருந்தன. இப்போது போனிலேயே விரலால் தொட்டால் வேண்டாதது அழிந்துவிடுகிறது என்று நான் ஏதோ சொல்லிவைத்தேன். அவர் சுவரைக் காட்டினார். கடை விளம்பரப் படத்தில், ஆளுயரத்துக்கு ஒரு மணப்பெண்.

"அந்த முடியைப் பாரு. கத்திரிக்கோலால வெட்டி ஒட்டுன மாதிரி கீது. அவ தோளைப் பாதி காணோம். மூணு மாசமா தெனம் இதுக்குக் கீழதான் நிக்கிறேன்."

"கடைக்காரங்ககிட்ட சொல்லலாமே, ஆபா?"

"சொன்னா, உனக்குத் தெரியுமா, பண்ணுவியான்னு கேப்பாங்க. நானும் பண்றேன்னுட்டு ஒக்காந்துருவேன்." மடித்த புடவையை அடுக்கில் வைத்துத் தட்டினார். "இன்னொரு தபா சும்மா பண்ணிக் குடுக்க என்னால ஆவாதுமா."

அதற்குள் ஒரு கல்யாண வீட்டார் வந்துவிட்டார்கள். ஆபா அவர்களைப் பார்த்துச் சிரித்து, உட்காரச் சொன்னார்.