அரிசிக்குள் ஆறு கிளாஸ்

ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிமாறியபோது என் கவலையெல்லாம் ஆறு கண்ணாடி கிளாஸ் மேல்தான் இருந்தது. அலமாரி உடைந்தால் ஆணி அடிக்கலாம். கட்டில் கால் ஆடினால் அட்டை வைக்கலாம். கிளாஸ் உடைந்தால் என்ன செய்வது?

அந்த ஆறும் என் வீட்டுக்காரரின் தங்கச்சியுடையவை. என்னோடு சேர்ந்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். அதற்கு முந்தின வருஷம் அவளைப் பெண் பார்க்க டவுனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் எனாமல் மங்குதான். ஓரம் பெயர்ந்து கறுப்பு தெரியும். அதில்தான் தேத்தண்ணி கொடுத்தோம். போகிற போக்கில் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் நின்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம், "இன்னும் நாக்குல தகரமா இருக்கு, பாரேன்" என்று சிரித்தது. சன்னலுக்குப் பின்னால் நின்ற இவள் அதைக் கேட்டுவிட்டாள். அவர்கள் திரும்பி வரவில்லை. மங்குதான் காரணமா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும்? இவளுக்கு மங்குதான் காரணம். அடுத்த முறை தெலுக் இந்தான் போனபோது இந்தக் கிளாஸ்களை வாங்கி மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டு வந்தாள். மெல்லிசாக இருக்கும். நடுவில் பச்சை இலை, வாயோரத்தில் தங்கக் கோடு. வாங்கின நாளிலிருந்து ஒருத்தரும் அதில் குடித்ததில்லை.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஈப்போவில் ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. புந்தோங்கில் வாடகை வீடு. குடிபுகப் பால் காய்ச்ச நாள் குறித்ததும், அங்கேயே நாலு தெரு தள்ளி இருந்த, முன்பே பெண் கேட்டிருந்த ஒரு குடும்பம், "நல்ல நாள்தானே, அன்னைக்கே பொண்ணையும் பாத்துட்டுப் போறோம்" என்று சொல்லி அனுப்பியது. காலையில் லோரி போய்ச் சேரும், பால் பொங்கும், அவர்கள் வருவார்கள், கிளாஸில் தேத்தண்ணி. இதுதான் ஏற்பாடு.

"அண்ணி, ஆறும் முழுசா போய்ச் சேரணும்" என்றாள் அவள். எனக்கு அது போதும்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்புக்குப் பதில் கவலையைப் படித்துக்கொண்டேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பினால் பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருகிறவள் நான். அப்படிப்பட்டவளிடம் கண்ணாடியைக் கொடுத்தால் தூக்கம் வருமா?

முதலில் பேப்பரில் சுற்றிப் பார்த்தேன். எங்கள் லயத்தில் பேப்பர் வாங்குகிறவர் ஒருவர்தான், அதையும் நாங்கள் அலமாரிக்கு விரித்துவிட்டோம். கிடைத்ததைச் சுற்றி, ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். 'டிங்' என்றது. சரிப்படாது. பாயில் சுருட்டலாமா? பாயை லோரியில் யாராவது மிதித்துவிடுவார்கள். தலையணைக்குள் வைக்கலாமா? தலையணை மேல் எவனாவது உட்காராமல் இருப்பானா? கடைசியில் அரிசி டின் கண்ணில் பட்டது. நாலு மூலை வைத்த பெரிய எண்ணெய் டின், மேல்வாய் வெட்டியது. அரிசி டின்னை யாரும் மிதிக்க மாட்டார்கள், உட்காரவும் மாட்டார்கள். காலில் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுவார்கள். அதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

அடியில் ஒரு சாண் அரிசி. அதில் மூன்று கிளாஸ், ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்க வைத்தோம். உள்ளேயும் அரிசி, சுற்றியும் அரிசி. மேலே இன்னும் மூன்று. அதற்கு மேலும் அரிசி. டின்னை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "கிளாஸுக்குள்ள அரிசி, அரிசிக்குள்ள கிளாஸ். நடுவுல உன் உசுரா?"

"ஆமா. நீங்க டின்னத் தூக்கும்போது என் உசுரத் தூக்குறதா நெனச்சித் தூக்குங்க."

"அவ்வளவு கனம் என்னால முடியாது புள்ள."

மாமியாருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் விடிந்ததும் மஞ்சள் துணி ஒன்றைக் கொண்டு வந்து டின் வாயை இறுக்கிக் கட்டினார். "புது வீட்டுல பால் பொங்குற வரைக்கும் இதத் தொறக்கக் கூடாது. இந்த அரிசிதான் மொத உலை" என்றார். பழைய வீட்டு அரிசியும் உப்பும் முதலில் உள்ளே போக வேண்டும், அந்த அரிசியில்தான் முதல் பொங்கல். எங்களில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். எனக்கும் தெரியாததா? ஆனால் கிளாஸைப் புதைக்கும்போது அரிசியைச் சாப்பாடாக நான் நினைக்கவே இல்லை, அதுதான் நடந்தது. ஒன்று உடைந்தால் உலை என்ன ஆகும் என்று துணி கட்டியதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

லோரிக்காரர் வேறு. "அண்ணே, மெதுவாப் போங்க. கண்ணாடி இருக்கு" என்றேன்.

"பயப்படாதே லா தங்கச்சி. இந்த ரோட்டுக் குழியெல்லாம் எனக்கு மச்சான் மாதிரி. ஒவ்வொண்ணா வெசாரிச்சிட்டுத்தான் போவேன்."

சொன்னபடியே விசாரித்துக்கொண்டுதான் போனார். நான் பின்னால் சாமான்களோடு டின்னைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பாலத்தின் ஏற்றத்தில் லோரி தூக்கிப் போட்டது. டின் ஒரு சாண் எழும்பி இறங்கியது. 'கிண்' என்று ஒரு சத்தம். கட்டில் இரும்பாக இருக்கும் என்றாள் நாத்தனார். கட்டில் இரும்பு அப்படிச் சத்தம் போடாது. ஈப்போ மலைகள் தெரிகிற வரைக்கும் நான் டின்னை விட்டுக் கையை எடுக்கவில்லை.

புந்தோங் வீட்டில் அரிசியும் உப்பும் விளக்கும் முதலில் உள்ளே போயின. பால் வைத்தோம். பால் பொங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, அக்கா, மாமா, மாமி. பாய் விரித்து உட்கார வைத்தோம். சின்ன வீடு. அடுப்படியில் நடப்பது கூடத்துக்குத் தெரியும், கூடத்தில் பேசுவது அடுப்படிக்குக் கேட்கும். பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். மாமியார் மஞ்சள் துணியை அவிழ்த்து, "எடுத்துப் போடும்மா, மூணு கை" என்றார்.

நான் முதலில் கிளாஸ்களை எடுத்தேன். ஒன்று. அரிசியைத் தட்டி நாத்தனார் கையில் கொடுத்தேன். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது கிளாஸின் வாயில் என் விரல் பட்டதும் தெரிந்துவிட்டது. தங்கக் கோடு ஒரு இடத்தில் அறுந்திருந்தது. நகமளவு சில்லு ஒன்றைக் காணோம்.

நாத்தனார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியார் குனிந்து காதோடு சொன்னார்: "ஒடஞ்சது அடிக் கிளாஸுதானே? மேல் அரிசிய எடுத்துப் போடு. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"மேல் அரிசியும் அடி அரிசியும் லோரியில கலந்து போயிருக்கும் அத்தை."

"போடுன்னா போடேன்."

"போட மாட்டேன்."

அதுவரை மாமியாரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா, அரிசிய அப்படி மொறச்சுப் பாக்கறே? கடன் குடுத்தவ மாதிரி?" என்று கேட்டார்.

"கிளாஸ் சில்லு விழுந்திருக்குங்க. கெடைக்கற வரைக்கும் இந்த அரிசி உலைக்குப் போகாது."

சொல்லிவிட்டேன். இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று டின்னைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்தேன், வெளிச்சம் அங்கேதான் இருந்தது. வீட்டுக்காரர், "கடையில வேற அரிசி வாங்கிட்டு வரேன்" என்றார். மாமியார், "மொத உலைக்குக் கடை அரிசியா?" என்று கண்ணைக் கசக்கினார். கடை அரிசி வேண்டாம், இந்த அரிசியும் பார்க்காமல் வேண்டாம். மிச்சம் இருப்பது ஒரே வழிதானே? வீட்டுக்காரரின் கறுப்புக் கைலியை விரித்து, ஒவ்வொரு கை அரிசியாகக் கொட்டிப் பரப்ப ஆரம்பித்தேன். வெள்ளைத் துணியில் கண்ணாடி தெரியாது.

பார்த்த அரிசி ஒரு பக்கம், பார்க்காதது ஒரு பக்கம். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். நாத்தனார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், கூப்பிடுவதற்கு முன்பே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியார் அடுப்படியில் தலையில் கை வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தோம். பொண்ணு எங்களப் பாக்காம அரிசியப் பாக்குதே" என்றார். பிறகு அவரும் சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "தள்ளும்மா. எனக்கு இன்னும் கண்ணு தெரியும்."

சில்லு அவர் கையில்தான் அகப்பட்டது. தங்கக் கோடு மின்னிக் காட்டிக் கொடுத்தது. "இந்தா, ஒன் பொக்கிஷம்" என்று நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் பானையை எடுத்தார். நான் சில்லைக் கிளாஸ் வாயில் பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது. ஆனால் ஒரு மூலையில் கடுகளவு இடைவெளி.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"போதும் புள்ள" என்றார் வீட்டுக்காரர். "கடுகளவுதானே?"

"கடுகளவு கண்ணாடி. தொண்டையில நின்னா?"

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அக்கா புருவத்தைத் தூக்கினார். நான் அடுத்த கை அரிசியை அள்ளிக் கைலியில் பரப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி கைலிப் பக்கம் குனிந்தார். "தேடு, தேடு. எம் மவனும் திங்கப் போற சோறு."

டின் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் நாத்தனார்தான் டின்னுக்குள் தலையை விட்டு, தகரம் மடிந்திருந்த மூலையிலிருந்து விரல் நுனியில் எச்சில் தொட்டு அதை எடுத்தாள். பொருத்தினேன். இடைவெளி இல்லை. விரலால் வாயோரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன், மறுபடி ஒரு சுற்று. "சரி. இப்பக் கழுவுங்க" என்றேன்.

பொங்கல் தாமதமாகத்தான் ஆனது. அதற்கு முன்னால் தேத்தண்ணி. வந்தவர்கள் ஆறு பேர், நல்ல கிளாஸ் ஐந்து. நாத்தனார் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஆறாவதாக என்ன வைப்பது? மூட்டையில் தேடினேன். மங்குதான் இருந்தது, அதே மங்கு. அவள் முகம் செத்துப் போனது. "நீ போ பாப்பா" என்றேன்.

பெரியவர்கள் ஐந்து பேரும் கிளாஸை எடுத்துக்கொண்டார்கள். மங்கு மாப்பிள்ளைக்கு. அவர் அதைத் தூக்கி ஓரத்தில் கறுப்பு தெரிந்த இடத்தைப் பார்த்தார்.

"இதுலயும் ஒரு சில்லு பேந்திருக்கே" என்றார். "இதத் தேடிட்டீங்களா?"

உள்ளே திரும்பிக்கொண்டிருந்த நாத்தனார் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அடக்கவும் முடியவில்லை. அவர் மங்குக் குவளையை மீசை வரைக்கும் கவிழ்த்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவர் அம்மா புறப்படும்போது என் கையைப் பிடித்து, "ஒங்க வீட்டுல சோறு திங்க எனக்குப் பயமில்ல" என்றார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று தனியாகச் சொல்லி அனுப்பவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம். சரியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கல்யாணமாகிப் போகிறபோது அவள் சாமான்களை நான்தான் கட்டினேன். நாலு தெருதான். இருந்தாலும் ஐந்து கிளாஸையும் தனித்தனியாக அவளுடைய பழைய கைலியில் சுற்றினேன், இடையில் துண்டு, வெளியே இன்னொரு கைலி. அரிசி டின்னை நாத்தனார் காலாலேயே தூரத் தள்ளி வைத்தாள். பிறகு அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

"மங்கு எங்க அண்ணி?" என்று கேட்டாள்.

"அது எதுக்கு? ஒடையாது. பெறகு எடுத்துக்கலாம்."

"அவருக்கு வேணுமாம்."

அதையும் கைலியில் சுற்றினேன்.