மரண வீட்டுத் தேநீர்

2009இல், அம்மாவைப் பார்க்க லண்டனின் டூட்டிங் பகுதிக்குப் போகும் ரயிலில்தான், தன் அயர்லாந்துக் கிராமத்தைப் பற்றியே எழுதி அங்கேயே வாழ்ந்து இறந்த ஒரு நாவலாசிரியரை அம்மாவுக்காகத் தமிழாக்கும் எண்ணம் வந்தது. அப்பா இறந்தபின் அம்மா எதையும் வாசிக்கவில்லை. மரண வீட்டு அத்தியாயத்தை அவசரமாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

“அங்கையும் செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினமோ?” என்று வாசித்துவிட்டு அம்மா கேட்டார்.

திடுக்கிட்டேன். மூலத்தில் விதவையே அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறாள். நானோ, என்னையறியாமலே, நம் வழக்கப்படி தேநீரை அயல் வீட்டிலிருந்து வரவழைத்திருந்தேன்.

“மூட்டுவினம் அம்மா. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்.”

அம்மா தாள்களை என்னிடம் திருப்பித் தந்தார்.

“அப்ப அந்த மனிசிக்குச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கு. அப்பா போன அண்டைக்கு என்னை எழும்பவே விடேல்லை. சரியா எழுதிக்கொண்டு வா, வாசிக்கிறன்.”

இனி அந்த விதவையின் சமையலறையை, நம் வழக்கம் எதுவும் உள்ளே வராமல், முதல் வரியிலிருந்து மறுபடி எழுதிப் பார்க்கப் போகிறேன்.