மைக் விமானத்தின் தலைவலி

ஆம்பூரில் எது ஆடினாலும் ஒரு தோல் துண்டைச் செருகிவிடுவார்கள். மேசைக் கால் ஆடுகிறதா, தோல். கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதா, தோல். குழாய் சொட்டினால் வாஷர் வாங்கக் கடைக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கிடையாது. கத்தரிக்கோலை எடுத்து வட்டமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்வார்கள், வேலை முடிந்தது. தோல் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கிற ஊரில் வேறு எதைத் தேடிப் போவது? சோபனா பிறந்து வளர்ந்த வீட்டிலும் தையல் மெஷினின் காலுக்கடியில், பீரோவுக்கடியில், ஜன்னல் கொக்கியில் என்று எங்கும் தோல்தான். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

சோபனாவின் அம்மா விஜயகுமாரி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். மகள் சென்னையில் விமானப் பொறியியல் சேர்ந்தபோது தெருவே கூடிவிட்டது.

"இன்னா விஜயா, பொண்ணு பிளேன் ஓட்டப் போவுதா?"

"ஓட்டறதுக்கு இல்லக்கா. அதுக்கு ஒடம்பு சரியில்லாம பூடாம பாத்துக்கிறதுக்கு."

"நல்லா இருக்குது. படிச்சி முடிச்சிட்டு நம்ம கம்பெனிக்குத்தான் வரும் பாரு, சோல் ஒட்ட."

தெரு சொன்னது பலிக்கவில்லை. படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் வேலை. எந்தப் பாகம் எத்தனை மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை மக்கர் பண்ணுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பிறகு ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்த முனீர் அகமது என்கிற முதலாளி, யார் சொல்லியும் கேட்காமல், வேலூருக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் நான்கு வாங்கினார். சோபனா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அவளுடைய வேலைக்கு இரண்டு முனை. விமானம் பழுதாகக் கூடாது, பராமரிப்புச் செலவும் ஏறக் கூடாது. பழுதே வரக் கூடாதென்றால் எல்லாப் பாகத்தையும் மாதாமாதம் மாற்றிவிடலாம், முதலாளி திவாலாகிவிடுவார். செலவே கூடாதென்றால் ஒன்றையும் தொடாமல் விடலாம், அதற்கு வேறு விலை கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் நிற்கிறவள் சோபனா. விமானங்களை நிறுத்துகிற ஹேங்கரின் சுவரில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தாள். கோளாறு கூடினால் கோடு ஏறும், சிவப்புக் கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். காலையில் எந்த விமானம் பறக்கலாம் என்ற பலகையில் அவள் கையெழுத்து விழாமல் ஒரு சக்கரமும் உருளாது.

விமானங்களைப் பதிவின் கடைசி எழுத்துக்கு ரேடியோவில் வழங்குகிற பேரால் கூப்பிடுவது அங்கே வழக்கம், K என்றால் கிலோ, M என்றால் மைக். கிலோ சாது. மைக் அப்படியில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மைக்கின் கோடு சிவப்புக்கு மேலேயே நின்றது. பறக்கும்போது மின்சாரம் விட்டுவிட்டு வரும், ரேடியோ செத்துப் பிழைக்கும். ஒரு பாகத்தை மாற்றுவார்கள், பத்துப் பதினைந்து நாள் நல்ல பிள்ளையாக இருக்கும், மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

சனிக்கிழமை முனீர் அகமது ஹேங்கருக்கே வந்துவிட்டார். குரல் பெரிசு. ஆனால் கணக்கில் ஒருவரையும் ஏமாற்றாதவர் என்று பேர் உண்டு.

"இன்னாமா, மறுபடியும் மைக்கா?"

"ஆமா சார். நேத்து ரேடியோ ரெண்டு வாட்டி செத்துட்டு வந்துது."

"ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு. ரெகுலேட்டர் மாத்தியாச்சு. ரேடியோவையே மாத்தியாச்சு. இன்னும் யாரை மாத்தணும், என்னையா?"

"யாரையும் மாத்த வேணாம் சார். நாம கழட்டி அனுப்புனதை எல்லாம் பெங்களூர்ல டெஸ்ட் பண்ணிட்டாங்க. ஒன்னுலயும் குத்தம் இல்லயாம்."

முனீர் அகமதுக்கு மூச்சு முட்டியது. "குத்தம் இல்லாத பார்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு அமெரிக்காலேர்ந்து புதுசு எறக்கினேனா நானு?"

"அதத்தான் சார் சொல்றேன். தலைவாணிய மாத்தினா தலைவலி பூடுமா? வியாதி வேற எங்கியோ இருக்குது. அது தெரியாம மைக் பறக்கக் கூடாது."

"திங்கக்கெழமை அந்தப் பொண்ணு ஷர்மிளா சேலம் போகணும். தனியா போற மொத லாங் டிரிப். பார்ட் எல்லாம் நல்லாதான் இருக்குதுன்னு நீயே சொல்ற. அப்புறம் இன்னா, கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன் சார்."

காவேரிப்பாக்கத்திலிருந்து வந்து படிக்கிற ஷர்மிளா அப்போது வெளியே சேலத்துக்குப் பறக்கிற வழியின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாகப் போகிற பெண்ணுக்கு மேகத்துக்கு நடுவில் ரேடியோ செத்தால் என்ன ஆகும் என்று சோபனா நினைத்துப் பார்த்தாள். அவர் விடாக்கண்டன் என்றால் இவள் கொடாக்கண்டி.

முனீர் அகமது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதே பேஜார் எனக்கு முன்னாடியே ஆச்சு. ஜெர்மனிக்கு பெல்ட்டு அனுப்பினேன். போய்ச் சேர்றதுக்குள்ள பக்கிளெல்லாம் பச்சை பூத்துடுச்சு. பக்கிள் சப்ளையரை மூணு வாட்டி மாத்தினேன். கடேசில பாத்தா குத்தம் பக்கிள் மேல இல்ல. இனிமே அந்த மாதிரி காசை எறைக்க மாட்டேன். ஷர்மிளாவைக் கிலோல அனுப்பு. மைக்குக்கு திங்கக்கெழமை மத்தியானம் வரைக்கும் டைம். அதுக்குள்ள வியாதியைக் கண்டுபிடி. இல்லன்னா புரோக்கர் வந்து பாப்பான், கெடைச்ச வெலைக்கு வித்துடுவேன்."

அந்தக் கதை சோபனாவின் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் டைம் என்பது மட்டும்தான் உள்ளே நின்றது.

திங்கட்கிழமை விடிந்ததும் ஹேங்கருக்கு வந்தாள். கிலோவைச் சுற்றிவந்து பார்த்தாள், எல்லாம் ஒழுங்கு. பலகையில் கிலோவுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காசியைக் கூட்டிக்கொண்டு மைக்கிடம் போனாள்.

காசி ஷூ கம்பெனியில் மெஷின் பிரிவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மெக்கானிக். சோம்பேறி என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது. சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்கிறவர்.

சோபனா விமானியின் இருக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, கருவிப் பலகைக்குப் பின்னால் தலையை நுழைத்தாள். காசி டார்ச் பிடித்தார். ஒவ்வொரு ஒயராக, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். இதே இடத்தை இதற்கு முன்னும் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். ஒயர்க்கட்டு ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பை உரசிப் போகிற இடத்தில் பழுப்பு நிறத்தில் மெத்தென்று ஏதோ சுற்றியிருந்தது. சரி, உரசாமல் இருக்கிறது என்று கண் அதைத் தாண்டிப் போனது. மூன்றாவது முறையும் தாண்டித்தான் போனது.

கழுத்து வலித்தது. கண்ணை மூடினாள். பக்கிளெல்லாம் பச்சை பூத்துடுச்சு. கேட்காமல் விட்ட கதை இப்போது கேட்டது.

"காசிண்ணா, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க."

பழுப்பு நிறத்தில் சுற்றியிருந்தது தோல். பெங்களூர்க்காரி ஒருத்தி பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே, விமானத்துக்குள் தோலுக்கு என்ன வேலை என்று கூச்சல் போட்டிருப்பாள். சோபனா ஆம்பூர்க்காரி. உரசுகிற இடத்தில் தோல் இருப்பது அவள் கண்ணுக்குச் சுவரில் சுண்ணாம்பு இருப்பது மாதிரி. விரலால் தொட்டாள், சில்லென்று ஈரம். மெல்ல உருவினாள். அடியில், எல்லா ஒயரும் வந்து சேருகிற செம்பு முனை பச்சைப்பசேலென்று பூத்து உளுத்திருந்தது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் உண்டு, மழை ஈரத்தைக் குடித்தால் அது உலோகத்தைத் தின்னும், ஜெர்மனி போன பெல்ட்டின் பக்கிளைத் தின்ற மாதிரி. பாகத்தை மாற்றும்போதெல்லாம் ஒயர் அசைந்து கொஞ்ச நாள் தொடர்பு கிடைத்தது. அதைத்தான் வியாதி குணமானதாக இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேலேயே கோபமும் வந்தது.

"இது யார் வெச்சது?"

"நான்தான் மேடம்," என்றார் காசி, ஒளிக்காமல். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒயர் தகட்டுல ஒரசினு இருந்துது. ரப்பர் மாத்தணும்னா பார்ட் வரணும், செலவு. வண்டி தொடைக்கன்னு மொதலாளி அனுப்பின தோல் மூட்டைல நல்ல துண்டா ஒன்னு பாத்து சுத்தினேன்."

எப்போது வந்தாரோ, பின்னாலேயே முனீர் அகமது நின்றிருந்தார். தோலை வாங்கி, கட்டைவிரலால் தேய்த்தார், மடித்தார், முகர்ந்தார். முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது நம்ம மாலு. நாம பதம் போட்ட தோலு."

அடுத்த நொடி ஹேங்கர் கூரை அதிர்ந்தது. "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்! ஒரு ரப்பர் துண்டை மிச்சம் பண்றேன்னுட்டு எத்தினி பார்ட்டுக்கு வேட்டு வெச்சிருக்கான் பாரு! யார் சொல்லி வெச்சே? இன்னிக்கே கணக்கை முடிச்சி இவனை அனுப்புமா!"

காசி பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருடைய வாய் ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டது. அதை முதலாளி பார்க்கவில்லை. சோபனா பார்த்தாள்.

"அனுப்ப மாட்டேன் சார்."

"இன்னா?"

"அவர் செஞ்சது தப்பு. கேக்காம, சொல்லாம ஒரு நூலைக்கூட பிளேனுக்குள்ள வெக்கக் கூடாது. ஆனா இந்தத் தோலை நான் ரெண்டு வாட்டி என் கண்ணால பாத்துட்டு உட்டுட்டேன். அவரை அனுப்பினா என்னையும் அனுப்புங்க. இன்னொன்னும் யோசிங்க சார். வெச்சதைச் சொன்னா வேலை போவும்னா, இனிமே யாராவது வாயைத் தொறப்பாங்களா? சொல்லாததை எந்த சார்ட்டுல நான் தேடுறது?"

முனீர் அகமது முறைத்தார். வெளியே ஓடுதளத்தின் பக்கமிருந்து கிலோவின் எஞ்சின் சத்தம் உயர்ந்தது.

சோபனா காசியிடம் திரும்பினாள். "வேலைக்கு ஒன்னும் ஆகாதுண்ணா. நான் சொல்றேன். வேற எங்கனா வெச்சிருக்கீங்களா?"

காசி சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "கிலோல ஒன்னு இருக்குது மேடம். வாலுக்குள்ள. மூக்கைத் தூக்கி எறக்கற கேபிள் கடகடன்னு அடிச்சினு இருந்துது. சொல்யூஷன் போட்டு ஒட்டி வெச்சேன்."

சொல்யூஷன் என்பது ஷூ ஒட்டுகிற பசை. நனைந்தால் அது விட்டுக்கொடுக்கும் என்பது ஆம்பூரில் செருப்புப் போட்ட எல்லாருக்கும் தெரியும். பெயர்ந்த தோல் கேபிள் ஓடும் உருளையில் சிக்கினால், ஷர்மிளா எவ்வளவு இழுத்தாலும் விமானம் தலை நிமிராது.

சோபனா ஓடினாள். அலுவலக அறையில் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள். "கிலோ, கிலோ, நில்லுங்க! பறக்க வேணாம், எஞ்சினை ஆஃப் பண்ணுங்க!"

பதில் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், முனீர் அகமது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை பறக்க, ஓடுதளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"கிலோ நின்னுட்டேன்," என்றது ஷர்மிளாவின் குரல். "இன்னா ஆச்சு மேடம்?"

"எறங்கி வா, சொல்றேன்," என்றாள் சோபனா. பலகையில் கிலோவுக்கு நேரே விடியலில் போட்ட தன் கையெழுத்து கண்ணில் பட்டது.

வாலின் மூடியைத் திறந்தார்கள். தோல் ஊறித் தடித்திருந்தது. ஒரு பக்கம் பெயர்ந்து, உருளையின் வாயில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. காசி அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். முனீர் அகமது மூச்சு வாங்கிக்கொண்டே அவர் தோளைத் தட்டினார்.

"எழுந்திரு காசி. நாலு பிளேனையும் தொற. நீ வெச்சதெல்லாம் நீயே எடு. எதையும் மறக்காதே." பிறகு சோபனாவிடம், "மத்தியானம் புரோக்கர் வந்தா டீ குடுத்து அனுப்பிடு."

அடுத்த வாரம் ஷர்மிளா கிலோவில் சேலம் போய்ப் பத்திரமாகத் திரும்பினாள். மைக்குக்குப் புது முனை போட்டார்கள், கைக்கடக்கமான செலவு. அதன் கோடு சிவப்புக்குக் கீழே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

ஹேங்கர் வாசலில் சோபனா ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தாள். விமானத்துக்குள் யார் எதைச் செருகியிருந்தாலும் எடுத்து அதில் போடலாம், எந்த விமானம், எந்த இடம் என்று மட்டும் ஒரு சீட்டு வைத்தால் போதும், பேர் வேண்டாம், கேள்வியும் இல்லை. முதல் நாள் அதில் ஒரு தோல் துண்டு விழுந்தது, பிறகு மடித்த அட்டை, ஒரு பழைய துணி. ஒரு காலையில் உயர்ந்த ரகத் தோல் ஒன்று கிடந்தது. ஓரம் சீவி, மூலை மழித்து, அளவெடுத்து வெட்டிய துண்டு. மைக், பயணி இருக்கைக்கடியில், ஆட்டம், என்று சீட்டு சொன்னது. அப்படிச் சீவுகிற கை அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மைக்கில் ஒரே ஒரு தடவை சவாரி போன கை.

சோபனா எதிரில் இருந்த அறையைப் பார்த்தாள். முனீர் அகமது மும்முரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மைக்கின் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஆடுகிற இருக்கையைக் கழற்றப் போனாள்.