கள்ளுக்கடை நேரத்துச் சவரம்

மலாயாவில், ரெங்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் வெட்டினோம், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு பாலை வாங்க ஆளில்லை. மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். அரிசி இல்லை, துணி இல்லை, சவுக்காரம் இல்லை. கள் மட்டும் குறையாமல் இருந்தது. சாயங்காலம் கள்ளுக்கடை திறந்தால் என் வீட்டுக்காரர் அங்கேதான் இருப்பார்.

முன்பு அது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் லாரியை நிறுத்தி, தள்ளாடிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். நிதானத்தில் இருந்தவர்கள் மரங்களுக்குள் ஓடித் தப்பினார்கள். என் வீட்டுக்காரர் குடித்தால் ஓடுவது எங்கே, எழுந்து உட்காரவே மாட்டார்.

நான் யாரிடமும் போய் உதவி என்று நின்றவள் இல்லை. அந்த லாரிதான் என்னை நிற்க வைத்தது. அடுத்த லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெரியவர், எங்கள் தோட்டத்திலேயே பேர்போன குடிகாரர். சாக்கடையில் கிடப்பார், நாய் வந்து முகத்தை நக்கும். அவர் சில மாதமாகக் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. முகம் வழவழவென்று இருந்தது. குழாயடியில் அவர் மனைவியைப் பிடித்தேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எப்படி விட்டாரு?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சவரம் பண்ணிக்கிறாரு."

"நான் வெளையாட்டுக்குக் கேக்கல."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல. கள்ளுக்கடை தெறக்கிற நேரமாப் பாத்து பழைய பால்கொட்டாய்க்கு அனுப்பு. கூட்டம்னு மட்டும் வாயில வந்துரக் கூடாது."

எனக்குப் புரிந்தது. நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தாலே, ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று பிடித்துப் போகிற காலம். சவரம் என்றால் சாக்கு இருக்கிறது.

அவரிடம் சொன்னேன். "கள்ளு குடிக்கிற நேரத்துல சவரமா? நான் என்ன மாப்பிள்ளையா?" என்றார்.

"மாப்பிள்ளையா இருந்தப்பவே நீங்க ஒழுங்காச் சவரம் பண்ணல. எந்திரிங்க."

வழியெல்லாம் அவர் கை ஆடிக்கொண்டே வந்தது. எங்கேயோ சக்கரச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம். மாட்டு வண்டி.

பால்கொட்டாயில் சிலர் பால்வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சவுக்காரத்துக்குப் பதில் செம்பருத்தி இலையைக் கசக்கிய சாறு, பச்சையாக, கொழகொழவென்று. புதிதாக வந்தவர் உட்கார வேண்டும், குடியை விட்டுக் கை நடுக்கம் நின்றவர் வழித்துவிட வேண்டும், வழிக்கும்போதே தான் குடித்துக் கெட்ட கதையைச் சொல்ல வேண்டும். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது. எல்லார் முகமும் முடிவதற்குள் கள்ளுக்கடை மூடிவிடும்.

அங்கே ஒருவரும் நாவிதர் இல்லை. பிறத்தியார் தாடையைத் தொட்டுச் சவரம் செய்வதைக் கேவலமாகப் பேசுகிற சனம் நாங்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவர் அந்தச் சாக்கடைப் பெரியவர் என்பதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, உங்க கை..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"போன தீபாவளிக்கு இந்தக் கையில வெத்தல நிக்காது. பேசாம உக்காரு தம்பி. தல ஆடினா காது போயிரும்."

ஒருவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், பெரியவர் வழித்துக்கொண்டே தன் கதையைத் தொடங்கினார். அது முடிவதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. லாரி கள்ளுக்கடைப் பக்கம் போயிற்று. ஒரு சிப்பாய் மட்டும் இறங்கி, துப்பாக்கியோடு எங்களைப் பார்த்து நடந்து வந்தான்.

"ஆப்பா?" என்றான், என்ன இது என்று மலாயில்.

"சுக்கூர், துவான்," சவரம் ஐயா என்று சொல்லிக் கத்தியைக் காட்டினார் பெரியவர்.

அவன் போகவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி என் வீட்டுக்காரர் தொண்டைக்குழிக்கு மேலே இருந்தது. அந்தக் கை கொஞ்சம் ஆடினாலும் என் புருஷன் போய்விடுவார், இவர்கள் நாவிதர்கள் இல்லை என்றும் தெரிந்துவிடும், மிச்சப் பேரும் லாரியில் போவார்கள். பெரியவர் கத்தியை எடுக்கவும் இல்லை, கதையை நிறுத்தவும் இல்லை. சாமி பாட்டுச் சொல்கிற மாதிரி அதே குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"பொண்டாட்டி கழுத்துத் தாலியையும் வித்துக் குடிச்சேன் தம்பி. மஞ்சக் கயித்தோட நின்னா. தாடையத் தூக்கு. அன்னிக்கும் குடிச்சேன்."

சிப்பாய் தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பிப் போனான்.

கள்ளுக்கடைப் பக்கம் கூச்சல் எழுந்தது. யாரோ தன் அம்மாவைக் கூப்பிட்டார்கள். லாரி கிளம்பியது. கொட்டாயில் ஒருவரும் வாளியை விட்டு எழவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கண்ணீர் வழிந்து பச்சைச் சாற்றோடு கலந்தது. பெரியவர் அதையும் சேர்த்து வழித்தார்.

மறுநாள் கன்னத்தில் முடியே இல்லை. இருந்தும் போனார். தினமும் போய் வெறும் தோலையே வழித்துக்கொண்டு, எரிகிறது என்று முனகிக்கொண்டு வருவார். நடுவில் ஒரு நாள் அவரைக் கொட்டாயில் காணோம், கள்ளுக்கடையில் இருக்கிறார் என்று வந்து சொன்னார்கள். அன்று நான் செத்துப் பிழைத்தேன். லாரி வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் தானாகவே கிளம்பிப் போனார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் வந்து வாசலில் நின்றார்.

"இன்னிக்குக் கத்திய என் கையில குடுத்தாங்க."

"யாருக்கு?"

"புதுசா வந்தவனுக்கு."

"காது இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். விரலிடுக்கில் செம்பருத்திப் பச்சை. கை நின்றிருந்தது. லாரி இன்றைக்கு வந்ததா, கள்ளுக்கடையில் யாரை ஏற்றிப் போனது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.