கோட்டுப் பையில் ஒரு பாட்டு

இஸ்திரி மேசையின் கால் மிதியை அழுத்தினால் ஆவி சீறும். காலை எடுத்தால் அக்கா பேச ஆரம்பிப்பார். பேச்சு நம்மிடம் இல்லை, கஞ்சிப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்திருக்கும் போனிடம். "மாப்ள, நேத்து நீங்க சொன்ன பாட்டு சரிப்படல. ஆரம்பமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில ஒரு புல்லாங்குழலைக் கொண்டாந்து விட்டுட்டாங்க. புல்லாங்குழல் வேணவே வேணாம்னு சொன்னேன்ல?" போனில் இருக்கும் ஏஐ செயலி பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு சில பாட்டுகளைச் சொல்லும். அக்கா மறுபடி மிதியை அழுத்தி, பாதியில் விட்ட சட்டைக் கைக்குத் திரும்புவார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா. சலவைக் கடையில் முன்பக்கம் கல்லாவில் கணவர், பின்பக்கம் இஸ்திரி மேசையருகே இவர், நடுவில் ஒரு நீலத் திரை. சட்டையின் காலரைத் தேய்த்து முடித்ததும் அதை ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு சரியா என்று பார்க்கிறாராம். பாட்டுகளையும் துணிக் கணக்கில்தான் சொல்வார். மனதில் நிற்காத பாட்டு நைலான். கேட்கக் கேட்கப் பிடித்துப்போவது பருத்தி. செயலிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததற்கும் காரணம் வைத்திருந்தார். "எது கேட்டாலும் மரியாதையா பதில் வருது. தெரியாதுங்குற வார்த்தை மட்டும் வாயில வராது. புது மாப்பிள்ளைங்கதான் தம்பி அப்படி இருப்பாங்க."

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது என் கோட்டால். கனமான கம்பளிக் கோட்டு அது. சலவைக்குப் போட்டிருந்தேன். கணவர் எடுத்துக் கொடுத்தார், கையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். கோட்டு பாடியது. எந்த ஊர் மொழியோ, அடிவயிற்றிலிருந்து ஒரு ஆண் குரல். எதிரே வந்தவர்கள் என் முகத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் நடக்க நடக்கக் குரல் விட்டு விட்டு வந்தது. தெருமுனைக்குப் போவதற்குள் அக்கா போனும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் நெருங்க நெருங்கக் கோட்டு தெளிவாகப் பாட ஆரம்பித்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சோப்புக் கட்டி அளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க தம்பி, பையில இது இருக்குறது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு விட மனசில்லை. அடுத்தவர் கதையில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். கூடவே கடைக்குத் திரும்பிப் போய், பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

கணவர் முன்பு தகரம் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தச் சத்தம் காதில் பாதியைத் தின்றுவிட்டது. கனத்த ஒலிகள் கேட்கும். கீச்சென்று மேலே போகிறவை கேட்காது. காது மிஷின் பேச்சுக்கு உதவுகிறது, பாட்டை நாராசமாக்கிவிடுகிறது. "முன்னெல்லாம் கடையில எந்நேரமும் பாட்டுதான். புடிச்ச வரி வந்தா அவர் திரையை விலக்கிட்டு இந்தப் பக்கம் வந்து நிப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. புருவத்தை மட்டும் தூக்குவாரு. நானும் தூக்குவேன். அவ்வளவுதான், போயிடுவாரு." இப்போது பழைய பாட்டைப் போட்டால் மிஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். "பல்லு போன சீப்பாட்டம் இருக்கும்மா, நிறுத்திடு" என்று சொல்லிவிட்டாராம். பாட்டு நின்றது. அதோடு அவர் திரைக்கு இந்தப் பக்கம் வருவதும் நின்றது.

அக்கா யோசித்தது இங்கேதான். தெரிந்த பாட்டில் எந்த இடத்தில் எது காணாமல் போயிற்று என்று கணவருக்குத் தெரிகிறது. அதுதான் வலிக்கிறது. "கேட்டே இராத பாட்டுன்னா? சீப்புல எத்தனை பல்லு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" ஆகவே வேண்டியது புதுப் பாட்டு. அதிலும் மேலே ஏறாத பாட்டு. பெரிய தந்தி, தோல் வாத்தியம், கட்டைக் குரல். அதைத்தான் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறவர் இல்லை அக்கா. ஒருமுறை அது ஒரு பாட்டை வாயாரப் புகழ்ந்திருக்கிறது. பாதாளத்திலிருந்து வரும் முனகல், ஒற்றைப் பறை, அது இது என்று. அக்கா தேடாத இடமில்லை. அப்படி ஒரு பாட்டே கிடையாது. திட்டியதும் மன்னிப்பு வந்ததாம். "மன்னிப்புக் கேக்குறதுல மட்டும் குறையே இல்ல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க வீட்டுக்காரர் கேக்காததை ஒரே நாள்ல கேட்டுடுச்சு" என்று சிரித்தார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். ஒருநாள் அது, "முன்பு உங்கள் கணவர் ஒரு பாட்டில் எந்த இடத்தை ரசிப்பார்?" என்று திருப்பிக் கேட்டதாம். அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு நெடுநேரம் பதில் சொல்லியிருக்கிறார். "பெத்த பொண்ணுகூட கேக்கல தம்பி. காது டாக்டரும் கேக்கல."

சோதனைக்குத்தான் கம்பளி. ஸ்பீக்கரைக் கனமான கோட்டின் பையில் போட்டு மூடிவிட்டால் கீச்சொலிகள் உள்ளேயே அமுங்கிவிடும். கனத்த ஒலி மட்டும் வெளியே வரும். கணவர் காதுக்கு எப்படிக் கேட்குமோ ஏறக்குறைய அப்படி. அதையும் தாண்டி நன்றாக இருந்தால் தேறியது. "உங்க கோட்டுதான் தம்பி இந்தக் கடைக்கு வர்றதுலயே கனம்" என்றார், ஏதோ என் சாதனைபோல. அதற்குப் பிறகு நான் அழுக்கே ஆகாத கோட்டைச் சலவைக்குப் போட ஆரம்பித்தேன்.

தேறாத பாட்டுகள் வீணாகவில்லை. அக்கா அவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அர்த்தம் தெரியாத மொழிகளில் முணுமுணுத்துக்கொண்டே மடிப்பு எடுப்பார். "என்ன சொல்றான்னு புரியல. ஆனா யாரையோ தேடுறான், அது நல்லாத் தெரியுது" என்பார். ஊரில் இல்லாத ரசனையெல்லாம் அவருக்கு வந்துவிட்டது. கணவருக்குப் பாட்டு தேடப் போனவர், போன வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்.

"தேறினதை அவர்கிட்ட போட்டுக் காட்டலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"காட்டினா நல்லாருக்கும்பாரு. எனக்காகச் சொல்லுவாரு. அந்தப் பொய்ய வாங்கி நான் என்ன பண்ண?" என்றவர், மிதியை அழுத்திக்கொண்டே, "அவராக் கேக்கணும், தம்பி. இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் இப்படியே ஆளுக்கொரு பக்கமா இருந்துருவோமோன்னு பயமா இருக்கு" என்றார். ஆவியில் முகம் சரியாகத் தெரியவில்லை.

போன வாரம் கோட்டை வாங்கப் போனேன். கணவர் தொங்கலிலிருந்து எடுத்தார். ஸ்பீக்கரை அக்கா மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. நான் கையை நீட்டினேன். கோட்டு என் கைக்கு வரவில்லை. அவர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கனத்த தந்தியின் நாதம் ஒன்று கம்பளிக்குள்ளிருந்து நிதானமாக நடந்து வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கோட்டை அணைத்தபடியே போய், நீலத் திரையை விலக்கி, அந்தப் பக்கம் நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அதற்கு அப்பால் அக்காவின் முகம்.

அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். சீறல் நின்றது. பேச்சு எதுவும் வரவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினார்.